கிரேக்கப் பாட்டுக்கு ஆறாவது இடம்: மொழிதான் காலை வாரியதா?

சும்மாகேட்டவன்:

வணக்கம் மக்களே. ஐரோப்பிய நாடுகள் நாட்டுக்கு ஒரு பாட்டு அனுப்பி மோதுகிற யூரோவிஷன் போட்டி பற்றி எனக்கு அரிச்சுவடிகூடத் தெரியாது. ஆபா குழு அங்கேதான் ஜெயித்தது என்று எங்கேயோ படித்ததோடு சரி. போன வாரம் ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபைத் தடவிக்கொண்டிருந்தபோது, 2025ஆம் ஆண்டுப் போட்டியில் கிரீஸ் சார்பாக க்ளாவ்தியா என்ற பெண் பாடிய ‘அஸ்தெரோமாத்தா’ தானாக ஓட ஆரம்பித்தது. மூக்குக்கண்ணாடி போட்ட டீச்சர் மாதிரி ஒரு முகம், யாரையும் மயக்க வேண்டும் என்ற அவசரமே இல்லாத ஒரு நிற்பு. சரி, அடுத்ததைப் பார்க்கலாம் என்று விரலைக் கொண்டுபோன நேரத்தில் அவர் குரலை மேலே தூக்கினார், அங்கிருந்து நேராக இறக்காமல் படிப்படியாக உடைத்து உடைத்து இறக்கினார். விரல் அப்படியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது கேட்கிறேன்.

ஒரு வார்த்தை புரியவில்லை. ‘மானா’ என்று வருவது அம்மாவைக் கூப்பிடுவது என்று ஊகித்தேன். தலைப்பு ‘மாத்தா’ என்று முடிவதால் அதுவும் நம் மாதாதான் போல என்று நானே முடிவு செய்துகொண்டேன் (சிரிக்காதீர்கள்).

கேள்வி இதுதான். இவ்வளவு நல்ல பாட்டு ஏன் ஆறாவது? தேடிப் பார்த்ததில் கிரீஸ் ஒரே ஒரு தடவைதான் ஜெயித்திருக்கிறது, 2005இல், அதுவும் ஆங்கிலப் பாட்டு. அப்படியானால் தாய்மொழியில் பாடியதுதான் காலை வாரிவிட்டதா? ஆங்கிலத்தில் பாடியிருந்தால் முதல் இடம் வந்திருக்குமா? அப்புறம், நடுவர் மதிப்பெண், மக்கள் ஓட்டு என்று இரண்டு கணக்கு சொல்கிறார்களே, அதில் இவரைக் கவிழ்த்தது எது? விக்கிப்பீடியாவைப் பார் என்று சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள், அதைப் பார்த்துத் தலை சுற்றித்தான் இங்கே வந்திருக்கிறேன்.

—

பழையரேடியோ:

சிரிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் சத்தம் வராமல் சிரித்தேன். ‘மானா’ அம்மாதான், அது சரி. ஆனால் ‘மாத்தா’ மாதா இல்லை. ‘அஸ்தேரி’ என்றால் நட்சத்திரம், ‘மாத்தி’ என்றால் கண். இரண்டையும் ஒட்டினால் நட்சத்திரக் கண்ணி. நாம் கயல்விழி, வேல்விழி என்று பெயர் வைப்பதில்லையா, அதே மாதிரிக் கூட்டுச்சொல். தமிழில் மீன் என்றாலே நட்சத்திரமும்தான் என்பதால் ‘மீன்விழி’ என்று போட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

இப்போது கணக்குக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் மே 17 அன்று நடந்த இறுதிப் போட்டியில் 26 நாடுகள். ஓட்டுப் போட்டவை 37 நாடுகள், ஏனென்றால் அரையிறுதியில் தோற்ற நாடுகளும் இறுதியில் ஓட்டுப் போடும். அந்த வருடம் ஒவ்வொரு நாட்டிலும் இசைத் துறையைச் சேர்ந்த ஐந்து நடுவர்கள் சேர்ந்து பத்துப் பாட்டுகளுக்கு 12, 10, அப்புறம் 8 முதல் 1 வரை கொடுத்தார்கள். அந்த நாட்டு மக்கள் தொலைபேசியிலும் ஆப்பிலும் போடும் ஓட்டை வைத்து இன்னொரு 12, 10, 8... தனியாகப் போகும். பங்கேற்காத நாடுகளில் இருப்பவர்கள் இணையத்தில் காசு கட்டிப் போடும் ஓட்டு முழுவதும் சேர்ந்து ஒரே ஒரு நாட்டின் ஓட்டாகக் கணக்கில் வரும். சொந்த நாட்டுக்கு யாரும் போட முடியாது.

க்ளாவ்தியாவுக்கு நடுவர்கள் கொடுத்தது 105, மக்கள் கொடுத்தது 126, மொத்தம் 231. ஏழாவதாக வந்த பிரான்ஸ் எவ்வளவு தெரியுமா? 230. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஆச்சரியம், லுவான் பாடிய அந்தப் பிரெஞ்சுப் பாட்டும் அம்மாவைப் பற்றியதுதான், தலைப்பே ‘மாமான்’. இறந்துபோன தன் அம்மாவிடம் மகள் பேசுகிற பாட்டு. இரண்டு அம்மா பாட்டுகள் அடுத்தடுத்து வந்து நிற்கின்றன, ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ். பிரான்சுக்கு நடுவர்கள் 180, மக்கள் வெறும் 50.

இதில் இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. நடுவர்கள் மதிப்பெண் போடுவது சனிக்கிழமை நிகழ்ச்சியைப் பார்த்து அல்ல, முந்தின நாள் ராத்திரி நடக்கும் முழு ஒத்திகையைப் பார்த்து. நாம் யூடியூபில் பார்த்துச் சொக்கிப்போகிற அந்தப் பாட்டை நடுவர்கள் மதிப்பிடவே இல்லை. வெள்ளிக்கிழமை தொண்டை கட்டியிருந்தால் சனிக்கிழமை குயிலாகப் பாடினாலும் பாதி மதிப்பெண் ஏற்கெனவே போயிருக்கும். க்ளாவ்தியாவுக்கு அப்படி நடந்தது என்று சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

சரி, நடுவர்கள்தான் கவிழ்த்தார்களா? பிரான்சுக்குக் கொடுத்த அதே 180ஐ இவருக்குக் கொடுத்திருந்தாலும் மொத்தம் 306. நாலாவதாக வந்த சுவீடனே 321. ஜெயித்த ஆஸ்திரியா 436. ஆக, அப்படியும் ஐந்தாவதுதான். கவிழ்த்தது யாரும் இல்லை. நடுவர்களின் 105ஐ 36 நாடுகளால் வகுத்துப் பாருங்கள், நாட்டுக்கு மூன்றுகூட வராது. நிறையப் பேருக்குக் கொஞ்சம் பிடித்திருக்கிறது, இதுதான் முதல் என்று துடித்தவர்கள் குறைவு. இந்தப் போட்டியில் 12 வாங்க யாராவது துடிக்க வேண்டும்.

மொழி விஷயத்தைச் சாவகாசமாக எழுதுகிறேன், அது பெரிய கதை.

—

நேராச்சொல்றேன்:

பெரிய கதையெல்லாம் வேண்டாம், ஒரு வரியில் முடிக்கலாம். அந்த வருடப் பட்டியலில் நாலு, ஐந்து, ஆறு, ஏழு ஆகிய நான்கு இடங்களையும் எடுத்துப் பாருங்கள். சுவீடன் சுவீடிஷில், இத்தாலி இத்தாலியனில், கிரீஸ் கிரேக்கத்தில், பிரான்ஸ் பிரெஞ்சில். நாலும் அவரவர் மொழி. சுவீடன் 1998க்குப் பிறகு அப்போதுதான் முதல் தடவையாகச் சுவீடிஷ் பாட்டை அனுப்பியது, அதுவும் பின்லாந்தின் ஒரு மூலையில் பேசுகிற சுவீடிஷ் வட்டார வழக்கில், நீராவிக் குளியலைப் பற்றிய கிண்டல் பாட்டு. சுவீடனிலேயே பாதிப் பேருக்கு அந்த வழக்கு முழுதாகப் புரியுமா என்பது சந்தேகம். அதற்கு மக்கள் ஓட்டு 195. மொழிதான் தடை என்றால் அது எப்படி வந்தது?

என் பார்வையில் ‘அஸ்தெரோமாத்தா’ நாலாவது தடவை கேட்கும்போது பிடிக்கிற பாட்டு. நீங்களே சொல்லிவிட்டீர்கள், நாளைக்கு நாலைந்து தடவை கேட்கிறேன் என்று. போட்டியில் ஒரு தடவைதான் கேட்பார்கள். மூன்று நிமிடத்துக்குமேல் ஒரு பாட்டும் போகக் கூடாது என்பது விதி. நேயர் அதற்கு முன்னால் பத்துப் பாட்டு கேட்டிருப்பார், கையில் சிப்ஸ் இருக்கும், பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். இந்தப் பாட்டு ஆரம்பிக்கிற இடமும் முடிகிற இடமும் ஏறத்தாழ ஒரே உயரம், நடுவில்தான் ஒரு அலை. ஜெயித்த ஆஸ்திரியப் பாட்டைப் பாருங்கள், அதுவும் சோகம்தான், காதல் வீணாய்ப்போன புலம்பல். ஆனால் ஜேஜே என்ற அந்தப் பையன் ஓபரா மேல்ஸ்தாயியில் ஏறிக்கொண்டே போய்க் கடைசி முப்பது வினாடியில் அதைத் தூக்கி டெக்னோவில் போட்டான். சிப்ஸ் கீழே விழும்.

நான் க்ளாவ்தியாவை மட்டம் தட்டவில்லை. நல்ல பாட்டு. ஆனால் நல்ல பாட்டு வேறு, போட்டிப் பாட்டு வேறு.

—

பழையரேடியோ:

@நேராச்சொல்றேன், கடைசி வரியை ஏற்கமாட்டேன், ஆனால் அந்த நாலு இடக் கணக்கு அருமை, எனக்கே தோன்றவில்லை.

இப்போது மொழிக் கதை. சும்மாகேட்டவன் கேட்டது முட்டாள்தனமான கேள்வி இல்லை, கிரேக்கர்களே ரொம்ப காலம் அப்படித்தான் நம்பினார்கள். காரணம் இருக்கிறது. 1977 முதல் 1998 வரை ஒவ்வொரு நாடும் தன் நாட்டு மொழியில்தான் பாட வேண்டும் என்று விதி. அந்த 22 வருடத்தில் கிரீஸ் எட்டிய உச்சம் ஐந்தாவது இடம், 1977இல் ஒரு தடவை, 1992இல் ஒரு தடவை. 1999இல் விதியைத் தளர்த்தினார்கள், ஆனால் முந்தின ஐந்து போட்டிகளின் சராசரிப் புள்ளி குறைவாக இருந்ததால் அந்த வருடம் கிரீசால் கலந்துகொள்ள முடியவில்லை. 2000த்திலும் போகவில்லை. 2001இல் திரும்பி வந்தபோது ‘ஆன்டீக்’ என்ற இரட்டையர், ஆங்கிலமும் கிரேக்கமும் கலந்த பாட்டு, பின்னால் புசூக்கி வாத்தியம். நேரே மூன்றாவது இடம். 27 வருடம் முட்டிமோதிக் கிடைக்காததை ஆங்கிலத்தைத் தொட்டதும் பெற்றுவிட்டால் யார்தான் நம்பமாட்டார்கள்?

2004இல் இஸ்தான்புல்லில் சாகிஸ் ருவாஸ், ஆங்கிலம், மறுபடி மூன்றாவது. அடுத்த வருடம் கீவ் நகரில் எலேனா பாபரிசு, ‘மை நம்பர் ஒன்’, 230 புள்ளி, முதல் இடம். ஆன்டீக் இரட்டையரில் பாடிய அதே பெண்தான். சுவீடனில் பிறந்து வளர்ந்த கிரேக்கப் பெண். பத்து நாடுகள் அவருக்கு 12 கொடுத்தன. அதில் சைப்ரஸ் இருந்ததில் அதிசயமில்லை, கிரீசும் சைப்ரசும் மாற்றி மாற்றி 12 கொடுத்துக்கொள்வது அரங்கமே சேர்ந்து ‘ஊ’ என்று கத்துகிற பழைய ஜோக். ஆனால் ஜெர்மனியும் பிரிட்டனும் கொடுத்தன, துருக்கியும் கொடுத்தது. அதைக் கவனியுங்கள், பின்னால் யாராவது கிரீஸ், துருக்கிப் பகை என்ற பேச்சை எடுப்பார்கள்.

அந்தப் பாட்டில் வார்த்தைதான் ஆங்கிலம். நடுவில் லைரா என்ற வில் வாத்தியம் இழைகிறதே, அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், எந்த நாட்டுப் பாட்டு என்று சந்தேகமே வராது. பின்னால் வந்தவர்கள் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டார்கள், லைராவை விட்டுவிட்டார்கள். 2012, 2014, 2015, 2017, 2019 எல்லாம் ஆங்கிலப் பாட்டுகள்தான், வந்த இடங்கள் வரிசையாக 17, 20, 19, 19, 21. நடுவில் 2013 ஒன்றுதான் விதிவிலக்கு. கோசா மோஸ்ட்ரா என்ற பையன்கள் குட்டைப் பாவாடை கட்டிக்கொண்டு, அகத்தோனாஸ் என்ற பழைய ரெபெத்திகோ (கிரேக்க நகர்ப்புற நாட்டுப்பாட்டு) பாடகரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கிரேக்கத்தில்தான் பாடினார்கள், மதுபானம் இலவசம் என்கிற ஒரு வரியை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டார்கள். நாடு கடனில் மூழ்கிக்கிடந்த நேரம், என்ன குசும்பு பாருங்கள். அதற்கு ஆறாவது இடம். அடுத்த மாதமே, ஜூன் 11 ராத்திரி, அந்தப் பாட்டை அனுப்பிய அரசுத் தொலைக்காட்சி இ.ஆர்.டி.யையே அரசாங்கம் இழுத்து மூடிவிட்டது.

2013க்கு அப்புறம் கிரீசுக்கு மறுபடி ஆறாவது இடம் கிடைத்தது க்ளாவ்தியாவால்தான். அதனால் உங்களுக்குத் தோல்வியாகத் தெரிகிற ஆறு, அங்கே பன்னிரண்டு வருடத்தில் கிடைத்த நல்ல சாப்பாடு.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தாய்மொழி என்றால் தானாக ஜெயித்துவிடும் என்பதும் பொய். 2018இல் முழுக்கக் கிரேக்கத்தில் பாடிய யான்னா தெர்சி அரையிறுதியையே தாண்டவில்லை. 2023இல் ஆங்கிலத்தில் பாடிய பையனும் தாண்டவில்லை. மொழி ஜெயிக்கவும் வைக்காது, தோற்கவும் வைக்காது. பாடுகிறவர் வாயில் அது எப்படி உட்கார்கிறது என்பதுதான்.

—

கடலோடி:

நான் சரக்குக் கப்பலில் வேலை செய்பவன். அந்த இறுதிப் போட்டியை மெஸ் அறையில் உட்கார்ந்து பார்த்தேன், பார்த்தேன் என்றால் இணையம் விட்டுவிட்டு வந்ததைப் பார்த்தேன். எங்கள் செகண்ட் எஞ்சினியர் கிரேக்கர், ஐம்பதை நெருங்கும் ஆள், வாயைத் திறந்தால் பம்பைப் பற்றியும் கால்பந்தைப் பற்றியும் மட்டும்தான் பேசுவார். க்ளாவ்தியா பாட ஆரம்பித்ததும் கையிலிருந்த காபி டம்ளரை மேஜையில் வைத்தார், பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை. நடுவில் படம் உறைந்துபோனபோது அவர் திட்டிய கிரேக்க வார்த்தையை இங்கே எழுத முடியாது. எழுதத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அப்புறம் கேட்டேன், என்னதான் பாடுகிறாள் என்று. ஒரு பிள்ளை அம்மாவிடம் பேசுகிறது, நான் எங்கே போனாலும் உன்னிடம் திரும்பி வருவேன் என்கிற மாதிரி, ஆனால் அந்த அம்மா வெறும் அம்மா இல்லை, விட்டுவிட்டு வந்த மண்ணும்தான் என்றார். அவர் குடும்பம் போந்தோஸ்காரர்கள். போந்தோஸ் என்பது கருங்கடலின் தென்கரை, இன்றைக்குத் துருக்கியில் இருக்கிறது. 1923இல் லோசான் உடன்படிக்கை போட்டு, அனத்தோலியாவில் இருந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களைக் கிரீசுக்கும், கிரீசில் இருந்த முஸ்லிம்களைத் துருக்கிக்கும் மாற்றினார்கள். அதற்கு முன் போர்க்காலத்திலேயே ஓடி வந்தவர்களையும் சேர்த்தால் கிரீசுக்கு வந்தவர்கள் சுமார் 12 லட்சம். அந்தப் பக்கம் போனவர்கள் சுமார் 4 லட்சம். எங்கள் எஞ்சினியரின் கொள்ளுப்பாட்டி வரும்போது ஒரு பூட்டுச் சாவியைக் கொண்டுவந்தாராம். வீடு அங்கே, சாவி இங்கே. இன்றும் அவர் அக்கா வீட்டில் இருக்கிறது, துருப்பிடித்துவிட்டது, எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று எஞ்சினியர் பாணியில் சொன்னார்.

க்ளாவ்தியாவுக்கும் போந்தோஸ் பூர்வீகம்தான். அதனால் பாட்டு வெளிவந்ததும் துருக்கியில் சிலர், இது அந்தக் காலத்தில் போந்தோஸ் கிரேக்கர்கள் கொல்லப்பட்ட படுகொலையைக் குறிக்கிற பாட்டு, போட்டியில் அரசியல் கூடாது என்று கிளம்பினார்கள். கிரீசில் 1994 முதல் மே 19 அந்தப் படுகொலையின் நினைவு நாள், இறுதிப் போட்டி மே 17, அதுவும் சேர்ந்துகொண்டது. எந்தத் தேசத்தையும் குறிப்பிடவில்லை, வீடிழந்து போகிற எல்லாரையும் பற்றிய பாட்டு என்று பாடகி தரப்பில் சொன்னார்கள். வரிகளில் போந்தோஸ் என்ற பெயரே கிடையாது. போட்டி நடத்துபவர்களும் பாட்டை அனுமதித்தார்கள்.

ஆறாவது என்று அறிவித்ததும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டு வாட்ச் டியூட்டிக்குப் போய்விட்டார்.

—

நேராச்சொல்றேன்:

@கடலோடி அண்ணா, கதை மனதைத் தொடுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. உங்கள் எஞ்சினியருக்குச் சாவி தெரியும், அதனால் டம்ளரை வைத்தார். லிஸ்பனில் சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்குச் சாவி தெரியாதே. கதை தெரிந்தால்தான் பாட்டு முழுதாகத் திறக்கும் என்றால் அது போட்டியில் பின்னடைவு. 2016இல் கிரீஸ் இதையே ஒரு தடவை செய்துபார்த்தது. ஆர்கோ என்ற குழு, போந்தோஸ் வட்டார மொழியும் ஆங்கிலமும் கலந்து, லைரா வைத்து, அகதிகள் படகு படகாக வந்துகொண்டிருந்த சமயத்தில் அதைப் பற்றியே பாடினார்கள். விளைவு? அரையிறுதி முறை வந்த பிறகு கிரீஸ் இறுதிக்குப் போகாத முதல் வருடம் அதுதான்.

—

தாளம்தட்டி:

எல்லாரும் கணக்கும் சரித்திரமும் பேசுகிறீர்கள், பாட்டைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

சும்மாகேட்டவன் முதலில் எழுதியதைத் திரும்பப் படியுங்கள், ‘உடைத்து உடைத்து இறக்கினார்’. அந்த ஆள் விரலை நிறுத்தியது கதை தெரிந்ததால் அல்ல, சாவி தெரிந்ததாலும் அல்ல. ஒரு வார்த்தை புரியாது என்று அவரே சொல்கிறார். அது நம் பாஷையில் பிருகா. ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்குத் தாவாமல் நடுவில் இருக்கிற இடத்தையெல்லாம் தொட்டுக்கொண்டு வருவது. ஐரோப்பியப் பாப் பாடகர்கள் நிறையப் பேர் செய்கிற ஸ்வர அலங்காரம் வேறு, அது மேலே ஒட்டவைத்த ஜிகினா மாதிரி தனியாகத் தெரியும். இவருடையது ஒப்பாரியில் வருகிற மாதிரி, குரல் தானாக நெளிகிறது. 2016க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஆர்கோ பாட்டில் போந்தோஸ் ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் என்று மூன்று சாமான்களை ஒரே பையில் திணித்த மாதிரி இருந்தது, மூன்று நிமிடத்தில் எதைப் பிடிப்பது என்றே தெரியவில்லை. அந்த வருடம் பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது, அருமையான லைராக்காரரை வைத்துக்கொண்டு இப்படியா என்று. க்ளாவ்தியா ஒரே ஒரு சாமானைத்தான் எடுத்துவந்தார்.

கிரேக்கர்கள் இந்தப் போட்டிக்குப் புலம்பல் பாட்டு அனுப்புவதும் புதிதல்ல. 1974இல் முதல் தடவையாகப் போனார்கள், ஆபா ஜெயித்த அதே வருடம், மரினெல்லா பாடினார், பதினொன்றாவது. அந்தக் கோடையில் சைப்ரசில் துருக்கிப் படை இறங்கியது. அடுத்த வருடம் துருக்கி முதன்முறையாகப் போட்டிக்கு வந்தது, கிரீஸ் வரவில்லை. 1976இல் ஹேக் நகரில் மரிசா கோஹ் என்ற நாட்டுப்புறப் பாடகி சைப்ரசுக்காகக் கிரேக்கத்தில் ஒரு ஒப்பாரியே வைத்தார், தலைப்பில் கன்னி மரியாளை இரண்டு தடவை கூப்பிடுகிற பாட்டு. பதிமூன்றாவது இடம். சும்மாகேட்டவனே, உங்கள் ‘மாதா’ அங்கேதான் இருக்கிறார், கொஞ்சம் பாட்டு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

தாளத்தில் ஆர்வம் இருந்தால் 2011ஆம் வருடத்துப் பாட்டையும் கேளுங்கள், ருக்காஸ் யோர்காஸ் பாடியது. ஒரு பக்கம் ஆங்கில ராப் ஓடும், மறுபக்கம் செய்பெக்கிகோ. அது ஒற்றை ஆள் தனியாக ஆடுகிற கனத்த ஆட்டம், ஒன்பது எண்ணிக்கை. சங்கீர்ணம் பழகியவர்களுக்குக் கை தானாகப் போடும், மற்றவர்களுக்குக் கடைசியில் ஒரு தட்டு மிச்சம் இருக்கிற மாதிரி இடறும். ஏழாவது இடம் வந்தது.

—

பழையரேடியோ:

@தாளம்தட்டி, ருக்காஸ் இல்லை, லூக்காஸ்.

—

தாளம்தட்டி:

தட்டச்சுப் பிழை ஐயா, லூக்காஸ்தான். விரலும் ஒன்பதில் போகிறது.

—

சும்மாகேட்டவன்:

ஒரு கேள்வி கேட்டேன், ஒரு கப்பலே வந்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி.

எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். மொழி காரணமில்லை, அதற்கு அந்த நாலு இடமே சாட்சி. யாரும் கவிழ்க்கவில்லை, துடித்துப் போட்டவர்கள்தான் போதவில்லை. நேராச்சொல்றேன் சொன்னதில் ஒன்று மட்டும் உறுத்துகிறது. நாலாவது தடவைதான் பிடிக்கிற பாட்டு என்கிறார், எனக்கு முதல் தடவையே பிடித்துவிட்டதே. ஒருவேளை என் கையில் சிப்ஸ் இல்லாததாலோ என்னவோ.

நேற்று ராத்திரி 1976 பாட்டைத் தேடிக் கேட்டேன். கறுப்பு வெள்ளையாக இருக்கும் என்று நினைத்தேன், கலரில்தான் இருக்கிறது. ஆர்க்கெஸ்ட்ரா பின்னால் முழுசாக உட்கார்ந்திருக்கிறது, இந்தப் பெண்மணி யாருக்கும் காத்திராமல் தன் போக்கில் பாடுகிறார். அதைக் கேட்டுவிட்டு உடனே ‘அஸ்தெரோமாத்தா’வைப் போட்டேன், நடுவில் 49 வருடம் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. அப்புறம் 2005 பாட்டைப் போட்டேன், வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து திட்டினார்கள்.

கடலோடி அண்ணாவிடம் ஒரு கேள்வி. அந்தக் கொள்ளுப்பாட்டியின் வீடு இப்போதும் இருக்கிறதா? உங்கள் எஞ்சினியர் போய்ப் பார்த்திருக்கிறாரா?

—

கடலோடி:

கேட்டேன் தம்பி. அந்தக் கருங்கடல் கரையில் இருக்கிற ட்ராப்சோன் துறைமுகத்துக்கு வேறொரு கப்பலில் இரண்டு தடவை போயிருக்கிறாராம். ஊர் அங்கிருந்து இரண்டு மணி நேரம் என்றார். இறங்கிப் பார்த்தீர்களா என்றேன். முதல் தடவை சரக்கு ஏற்றுவதில் நேரம் கிடைக்கவில்லையாம், இரண்டாவது தடவை நேரம் இருந்ததாம். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.